எண்ணிக்கை சரியாக இருந்த நாள்

எங்கள் அடுக்ககத்தின் வண்டி நிறுத்துமிடத்தில், இரண்டு தூண்களுக்கு நடுவே, வெள்ளை அரைக்கைச் சட்டை அணிந்த ஒருவர் மண்டியிட்டு அமர்ந்து ஆறு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். சலித்த மணலை இரு கரைகளாகக் குவித்து, நடுவே துணிக்குப் போடும் நீலப் பொடியை விரல் நுனியால் தூவிக்கொண்டே வந்தார். ஆறு வளையும் இடத்தில் விரலும் தயங்காமல் வளைந்தது. மழைக்கு முந்தைய புழுக்கத்தில் ஈர மணலின் வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து நின்றன.

"அம்மிணி, அந்தத் தீப்பெட்டியெல்லாம் கொஞ்சம் தள்ளி வையுங்க. வீடுங்க ஆத்துக்கு அத்தனை கிட்டக்க இல்லீங்களே," என்றார், தலை நிமிராமலே.

"கிட்டத்தான் சார் இருக்கு."

"எத்தனை அடி வெச்சீங்க?"

"கடைசி வீட்டு வாசலிலிருந்து கரை வரைக்கும் என் காலடிக்குப் பதினெட்டு."

அவர் நிமிர்ந்து என் செருப்பைப் பார்த்தார். மனத்துக்குள் ஏதோ பெருக்கினார். பிறகு தீப்பெட்டிகளைத் தாமே கரைக்கு இன்னும் அருகே நகர்த்தினார். "அப்ப நீங்க சொன்னதுதானுங்க செரி. நான் நெனச்சது தப்பு."

பிரிகேடியர் நாச்சிமுத்துவை நான் அருகிலிருந்து பார்த்த முதல் நாள் அது. தம் தவற்றை இத்தனை எளிதாக ஒப்புக்கொள்ளும் ஒரு படைத் தளபதியைப் பார்த்து நான் வியந்துபோனேன். அவருடைய இயல்பில் பாதியை மட்டுமே அன்று பார்த்தேன் என்பது ஆற்றில் நீர் ஏறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கீழ் பஸ்தி

மராத்தி பேசும் கட்கியின் தொழிற்சாலைக் குடியிருப்பில் நான் வளர்ந்த கதையை இந்தத் தொடரின் தொடக்க வாரங்களில் எழுதியிருக்கிறேன். சமூகப் பணியில் முதுகலை முடித்ததும் ஊரைவிட்டுப் போகாமல், ஆற்றோரக் குடியிருப்புகளில் தாய் சேய் நலம் பார்க்கும் ஒரு சிறு தொண்டு அமைப்பில் சேர்ந்தேன். அம்மாவுக்கு அதில் வருத்தம். நான் படித்தது ஆற்றங்கரைச் சேற்றில் நடப்பதற்காகவா என்று பலமுறை கேட்டிருக்கிறாள்.

முளா ஆற்றுக்கும் வெடிமருந்துத் தொழிற்சாலையின் நீண்ட மதிலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடந்த நாற்பத்தைந்து வீடுகளை எல்லோரும் கீழ் பஸ்தி என்பார்கள். பெரும்பாலும் வட ஆற்காட்டிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வந்த குடும்பங்கள். வீட்டுக்குள் தமிழ், தெருக்குழாயில் மராத்தி, மளிகைக் கடையில் இந்தி. மழை பிடித்து, மேலே அணைகளும் நிறைந்துவிட்டால், திறக்கும் நீர் முதலில் நலம் விசாரிக்க வருவது இவர்களைத்தான்.

முந்தைய ஆண்டு வெள்ளத்தில் அங்கே ஒரு பெரியவர் இறந்துபோனார். அந்த இறப்பு என்னை உறங்கவிடவில்லை. மறு மழைக்கு முன் ஒரு திட்டம் வேண்டும் என்று நான் அலைந்துகொண்டிருந்தபோது, எங்கள் அடுக்ககக் காவல் பொறுப்பாளர் பெரியசாமிதான் சொன்னார்: "ரெண்டாவது மாடியில ஒருத்தர் சும்மா உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்காருல்ல, அவர்கிட்டக் கேளுங்க. மலையையே மடிச்சு பையில வெச்சிருந்த மனுசன்."

பெரியசாமி ஓய்வுபெற்ற சுபேதார். பிரிகேடியருக்குக் கீழே நெடுங்காலம் பணியாற்றியவர். அவர் கட்கியிலேயே வீடு பார்த்துக்கொண்டதால்தான் மனைவியை இழந்த பிரிகேடியர், நகரின் மறுபுறம் பாணேரில் இருக்கும் மகள் அழைத்தும் போகாமல், இங்கே வந்து குடியேறினார் என்று சொல்வார்கள். மகள் வீட்டுக்குப் போகாததற்கு வேறு காரணமும் உண்டு. பனிமலையில் திசை தவறாத அந்த மனிதர், மகளின் அடுக்ககத்தில் பி கோபுரத்துக்குப் போக வேண்டியவர் டி கோபுரத்துக்குப் போய், யாரோ ஒருவர் வீட்டுச் சோபாவில் அமர்ந்து தேநீரும் குடித்துவிட்டு வந்தவர்.

"எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருக்குதுங்க அம்மிணி. ஒரு மரமில்ல, மேடில்ல. எதை வெச்சு அடையாளம் புடிக்கறது?" என்று என்னிடம் உண்மையான கவலையோடு கேட்டார்.

கட்டளையும் ஒரு 'ங்க'வும்

படைத் தளபதி என்றால் அதட்டுவார் என்று நான் எண்ணியிருந்தேன். கொங்கு நாட்டுக்காரரான பிரிகேடியர் ஒரு கட்டளையையும் 'ங்க' சேர்க்காமல் இட்டதில்லை. "கொஞ்சம் அந்தச் செங்கல்ல எடுத்துட்டு வந்துருவீங்களாமா," என்பார். அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்ல ஒருவருக்கும் நா எழாது. கத்துகிறவரை எதிர்த்துக் கத்தலாம். இவ்வளவு பணிவாகக் கேட்பவரை என்ன செய்வது?

மண் மாதிரியில்லாமல் அவர் எந்த வேலையும் தொடங்கமாட்டார். களத்தைத் தரையில் மணலால் செய்து, எல்லோரையும் சுற்றி நிற்கவைத்து, குச்சியால் தொட்டுக் காட்டி விளக்குவது படையில் வழக்கமாம். பதினைந்து நாள் எங்கள் வண்டி நிறுத்துமிடத்தில் கீழ் பஸ்தி இருந்தது. பச்சை மரத்தூள் மரங்களானது, ஒரு செங்கல், வெள்ளம் வந்தால் எல்லோரும் போய்ச் சேர வேண்டிய மேட்டுப் பள்ளிக்கூடமானது. கார் வைத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

"மத்தியானம் ஆத்துல நாய் படுத்துப் பொரண்டுருச்சு சார்," என்று ஒரு நாள் பெரியசாமி வந்து நின்றார்.

"எந்தப் பக்கத்துக் கரை ஒடஞ்சுது?"

"இடது."

"நாய்க்குத் தெரிஞ்சிருக்குதுங்க. அந்தப் பக்கந்தான் பலவீனம்," என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி மண்டியிட்டார். கேலியாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. ஆனால் மறுநாளே பெரியசாமியுடன் ஆற்றுக்குப் போய், உண்மையான இடது கரையைத் தடியால் குத்திப் பார்த்துவிட்டு வந்தார்.

அவருடைய திறமையை நான் கண்ணால் கண்டது இத்தகைய சிறு சிறு வேலைகளில்தான். மின்கம்பியில் நீர் படுமுன் மின்சாரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டிய ஆள் யார் என்று முன்கூட்டியே கண்டுபிடித்துவைத்தார். நடக்க முடியாத ஏழு பேருக்கு ஏழு நாற்காலிகள், நாற்காலிக்கு நால்வர். பள்ளிக்கூடத்துச் சாவி தலைமையாசிரியரிடம் ஒன்று, எதிர்க் கடைக்காரரிடம் ஒன்று. "சாவி வெச்சிருக்கறவரு ஊருக்குப் போயிட்டா ஆறு காத்துக்கிட்டு இருக்குமுங்களா?" என்றார்.

வீட்டுக்கு ஓர் எண்

எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது ஒரே ஒரு விஷயத்தில்.

பள்ளிக்கூடத்துக்கு எல்லோரும் வந்து சேர்ந்தார்களா என்று சரிபார்க்க நான் பெயர்ப் பட்டியல் தயாரித்திருந்தேன். நாற்பத்தைந்து வீடு, ஒவ்வொரு வீட்டிலும் யார் யார், வயது, உடல்நிலை. அழகான கையெழுத்தில், கோடு போட்ட குறிப்பேட்டில்.

அவர் அதைப் புரட்டிப் பார்த்து மூடி, இரு கைகளாலும் திருப்பித் தந்தார். "நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இது வேண்டாமுங்க. வீட்டுக்கு எத்தனை பேருன்னு ஒரு எண்ணு போதும். பேரு வாசிக்க நேரம் இருக்காது."

"எண் தப்பலாம் சார். பெயர் தப்பாது."

"நீங்க சொல்றது வாஸ்தவந்தான். இருந்தாலும் எண்ணுதானுங்க."

காலடிக் கணக்கில் உடனே தணிந்தவர் இதில் தணியவில்லை. காரணமும் சொல்லவில்லை. நான் விட்டுக்கொடுத்தேன். அவர் வல்லுநர், நான் கற்றுக்குட்டி என்ற எண்ணம் ஒரு பக்கம். 'ங்க' போட்டுக் கேட்பவரோடு வாதாடும் சங்கடம் இன்னொரு பக்கம்.

மழை தொடங்கிய வாரத்தில் கீழ் பஸ்தி மக்கள் மண் மாதிரியைச் சுற்றி நின்றார்கள். விதிகள் இரண்டே. சங்கு ஊதினால் எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்தே பள்ளிக்கு நடக்க வேண்டும், பொருள் எடுக்க வீட்டுக்குத் திரும்பக் கூடாது. வேலைக்குப் போனவர்கள் நேரே பள்ளிக்கு வந்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் தம் வீட்டில் எத்தனை பேர் என்ற எண்ணைச் சொன்னார்.

"நாலு," என்றாள் செங்கமலம். எங்கள் அடுக்ககத்தில் மூன்று வீடுகளில் சமையல் செய்பவள். கணவர் கண்ணன் தொழிற்சாலையில் வேலை. இரண்டு பிள்ளைகள்.

"ஏதாவது சந்தேகம் இருக்குதுங்களா?" என்று கேட்டு, பிரிகேடியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அரை நிமிடம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. "நல்லதுங்க," என்று குச்சியைக் கீழே வைத்தார்.

படையில் அந்த அமைதிக்குப் 'புரிந்தது' என்று பொருள். கீழ் பஸ்தியில் அதற்குப் பொருள் வேறு. சாப் என்று தாங்கள் அழைக்கும் பெரிய மனிதர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கேள்வி கேட்டால், வாயை மூடிக்கொண்டிருப்பதே மரியாதை. எனக்கு இது தெரியும். தெரிந்தும் அன்று அவரிடம் சொல்லவில்லை. கூட்டம் கலைந்த பிறகுதான் செங்கமலம் என்னிடம், "வனிதா, என் தங்கச்சி ஊர்லேந்து வரப்போறா, அவளையும் சேத்து அஞ்சுன்னு சொல்லணுமா?" என்று கேட்டாள். வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றேன். தங்கை வந்தாள். நான் மாற்றவில்லை. முப்பது வேலைகளுக்கு நடுவில் மறந்துபோனேன்.

பிற்பகல் கரும்பலகை

அந்த நாள் வந்தது. மூன்று நாளாக விடாத மழை. பள்ளிகளுக்கு விடுமுறை. காலையிலேயே நீர் திறக்கும் அறிவிப்பு. சங்கு ஊதியதும் கீழ் பஸ்தி எழுந்து நடந்த காட்சியை என்னால் மறக்க முடியாது. கூச்சல் இல்லை, நெரிசல் இல்லை. ஏழு நாற்காலிகளும் பல்லக்குகள்போல மேடேறின. மூட்டைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒரு கூட்டத்தை முந்தைய ஆண்டில் பார்த்தவள் நான். இந்த முறை எல்லோருடைய கைகளும் பிள்ளைகளைப் பிடித்திருந்தன.

பள்ளியின் ஐந்தாம் வகுப்பறையில், கரும்பலகையில் வீட்டு வாரியாக எண்கள். ஒரு வீடு நிறைந்ததும் பிரிகேடியர் தாமே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுப்பார். பிற்பகலில் நாற்பத்தைந்தாவது கோடும் விழுந்தது. என் பையில் இருந்த பெயர்க் குறிப்பேட்டை நான் வெளியே எடுக்கவே இல்லை. எண்ணிக்கை சரியாக இருந்தது.

கீழ் பஸ்திச் சந்தில் மக்கள் பிடித்து வரக் கட்டியிருந்த கயிற்றைச் சுருட்டச் சொன்னார். சந்து முகப்பில் இடுப்பளவு நீர் ஏறியிருந்தது. அங்கே கயிற்றோடு நின்ற ஆறு பேரும் எங்கள் அமைப்பின் தொண்டர்கள். நீச்சல் தெரிந்தவர்கள் இருவர்தான்.

அப்போதுதான், கண்ணனோடு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மேட்டுத் தெருக்காரர் ஒருவர், முதல் ஷிப்ட் முடிந்து வந்து கூடத்துக்குள் நுழைந்து, தலையைத் துவட்டிக்கொண்டே செங்கமலத்திடம் கேட்டார். "கண்ணனுக்கு இப்ப எப்பிடிமா இருக்குது? காய்ச்சல்னு காலையிலயே வூட்டுக்குக் கெளம்பினானே."

அவள் கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

தொழிற்சாலைக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது. வாயிலிலேயே அணைத்துக் கொடுத்துவிட வேண்டும். காலையிலிருந்து கணவரின் கைபேசி அணைந்திருந்ததில் அவளுக்கு வியப்பில்லை. தினமும் அப்படித்தான். அவள் சமையல் வேலையிலிருந்து நேரே பள்ளிக்கு வந்தாள். தங்கையும் பிள்ளைகளும் பக்கத்து வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர்கள், விதிப்படி அங்கிருந்தே நடந்து வந்தார்கள். அவள், இரண்டு பிள்ளைகள், தங்கை. நான்கு. ஷிப்ட் முடித்து வரும் ஆண்கள் பரணில் ஏறிப் பகலில் உறங்குவது கீழ் பஸ்தியில் வழக்கம். அந்த வீட்டுக்குள் அன்று ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பதுதான் விதி.

அவள் பிரிகேடியரின் முன் போய் நின்றாள். நானும் ஓடினேன்.

"சாப், எங்க வூட்டுக்காரரு உள்ள கீறாரு."

அவர் திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தார். "உங்கூட்டுல நாலு பேரும் வந்தாச்சுங்களே."

"வந்தாச்சு சாப். அந்த நாலுல அவுரு இல்ல."

நான் தங்கையின் கதையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். சாளரம் வழியே சந்தின் முகப்பைப் பார்த்தார். பிறகு, அதே பணிவான குரலில், "கயிறு சுருட்டியாச்சுங்க. இப்ப ஆளு அனுப்ப முடியாது. தீயணைப்புக்குச் சொல்லியிருக்கேன், படகு வரும்," என்றார்.

"எப்ப வரும்?"

அவர் மறுபடி சாளரத்துப் பக்கம் திரும்பினார்.

ஒருவருக்காக ஆறு பேர். அந்தக் கணக்கை நானும் அந்த நொடியில் போட்டேன். அவர் சொல்வது சரி என்றே என் அறிவும் சொன்னது. இதை மறைத்து எழுதினால் அவரை மட்டும் குற்றவாளியாக்கியவள் ஆவேன்.

நாற்பது நிமிடம்

இந்த இடத்தில், பின்னால் பெரியசாமி எனக்குச் சொன்ன ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

நாச்சிமுத்து மேஜராக இருந்த காலத்தில், வடக்கே ஒரு பனிச்சிகரக் காவல் நிலையில் அறுபது பேரோடு இருந்தார். பெரும்புயல் வருகிறது, கீழே இறங்கிவிட வேண்டும். எந்தச் சரிவில் எந்த வேளையில் பனி சரிகிறது என்று வாரக்கணக்கில் பார்த்துக் குறித்துவைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். பகலில் இறங்குவதே பாதுகாப்பு என்று மற்றவர்கள் சொன்னபோது, வெயில் படுமுன் இறங்க வேண்டும் என்றார். அன்று பகலில் அந்தச் சரிவு முழுவதும் பெயர்ந்து விழுந்ததாம். அறுபது பேரும் உயிரோடு கீழே வந்தார்கள். அந்த இறக்கத்துக்குப் பின்தான் படையில் அவர் பெயர் பரவியது.

"ஆனா கெளம்பறப்ப பேரு வாசிச்சாரும்மா," என்றார் பெரியசாமி. "ஒவ்வொருத்தன் பேரையும் வாசிச்சாரு. எம்பேரைக் கூப்பிட்டாரு. நான் இல்ல. கடைசிக் காவல்ல மாட்டிக்கிட்டேன். எல்லாரும் போலாம்னாங்க. இவரு நின்னாரு. நாப்பது நிமிசம். நான் வந்து சேந்தேன்."

குனிந்து தன் கால்களைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"அந்த நாப்பது நிமிசத்துல கடைசில நின்ன ரெண்டு பேருக்குக் கால் வெரலெல்லாம் கருத்துப்போச்சு. வெட்டி எடுத்தாங்க. நான் நடக்கறேன், அவனுங்க தாங்கித் தாங்கி நடக்கறானுங்க. ரெண்டும் அதே நாப்பது நிமிசந்தான். அதுக்கப்பறம் சார் பேரே வாசிச்சதில்ல. பேரு வாசிச்சா ஆளு மொகம் வந்துரும், மொகம் வந்தா முடிவெடுக்க முடியாதுன்னு ஒரு தடவ சொன்னாரு. ஒரு தடவதான்."

தன் கீழ் இருந்த ஒவ்வொரு வீரனின் ஊரையும் தாயின் பெயரையும் இன்றும் ஒப்பிக்கக்கூடியவர் அவர். அந்த மனிதர் மக்களை எண்களாக எண்ணத் தொடங்கியதற்குக் காரணம் அன்பின்மை அன்று. அன்புக்கு ஒரு முறை விலை கொடுத்துப் பார்த்தவர். ஆனால் அந்தக் காரணம் செங்கமலத்துக்கு எதற்கு உதவும்?

செருப்பு காட்டிய வழி

அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே நடந்தாள். சந்து முகப்பை நெருங்கும்போதே நீர் அவள் தொடையைத் தொட்டது, பிறகு இடுப்பை.

"செங்கமலம், நில்லு," என்று நான் கத்தினேன்.

"நீ போய்க் கணக்கப் பாரு," என்றாள் திரும்பாமலே.

பெரியசாமி சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு அவள் பின்னால் இறங்கினார். தன் தளபதியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிரிகேடியர் படிக்கட்டில் நின்றார். நான் எண்ணவில்லை என்றாலும் ஐந்தாறு நொடிகள்தான் இருக்கும். அவர் கண் பெரியசாமியின் மேலும் இல்லை, செங்கமலத்தின் மேலும் இல்லை. நீரில் மிதந்து வந்த ஒரு ரப்பர் செருப்பின்மேல் இருந்தது. சந்தின் நடுவில் அது அம்புபோலப் பாய்ந்தது. மதிலோரம் ஒதுங்கியதும் அப்படியே நின்று, சோம்பலாக ஒரு வட்டம் சுற்றியது.

"பெரியசாமி, நடுவுல போகாதீங்க. செவுத்தோரம் போங்க. அங்க தண்ணி சுத்துது, இழுக்கலீங்க," என்றார். குரல் உயரவே இல்லை. "அம்மிணி, கயித்த எடுத்துட்டு வந்துருங்க."

சுருட்டிய கயிறு மீண்டும் விரிந்து, ஒரு முனை பெரியசாமியின் கைக்குப் போனது. பிரிகேடியர் அதை விளக்குக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, மறுமுனையைத் தம் இடுப்பில் கட்டிக்கொண்டு, கம்பத்துக்குப் பின்னால் சேற்றில் அமர்ந்தார். தொண்டர்களில் நீச்சல் தெரிந்த இருவரைத் தவிர மற்ற நால்வரையும் மேட்டுக்குப் போகச் சொன்னார். அந்த அவசரத்திலும் அவர் கணக்குப் போடுவதை விடவில்லை.

கால் மணி நேரத்தில் மதிலோரமாக மூன்று தலைகள் தெரிந்தன. பரணில் காய்ச்சல் மாத்திரை போட்டு உறங்கியவர், நீர் கட்டிலை மூடிய பிறகுதான் விழித்திருக்கிறார். அணைத்தபடியே கட்டிலில் போட்டிருந்த கைபேசி நீரில் போய்விட, கதவைத் திறக்கவும் முடியாமல் பரணிலேயே அமர்ந்திருந்தாராம். மேடேறியதும் கண்ணன் பல் தந்தியடிக்கக் கேட்ட முதல் கேள்வி, "புள்ளைங்க சாப்டுச்சா?" என்பதுதான்.

"உன்னத் தவுர எல்லாரும் சாப்ட்டாச்சு," என்றாள் செங்கமலம்.

பிரிகேடியரின் உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிருந்தது. அவரைக் கடந்து போகும்போது அவள் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

ஓர் உயிரும் போகவில்லை என்று கட்கி முழுவதும் பேசியது. எங்கள் அடுக்ககத்தார், முணுமுணுத்தவர்கள் உட்பட, சால்வை போர்த்த வேண்டும் என்றார்கள். பிரிகேடியர் கதவைத் திறந்து, "கொஞ்ச நாள் போகட்டுங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு வாரம் கீழே இறங்கவில்லை. அது வீம்பு என்று நான் நினைத்தேன்.

நானும் அந்த இரண்டு வாரத்தில் நிறையச் சிந்தித்தேன். அவருடைய முன்னேற்பாடு இல்லாவிட்டால் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. காப்பாற்றப்பட்டவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவர்கள் வழக்கம்போல் காய்கறி வாங்கிக்கொண்டு போகிறார்கள். கைவிடப்பட இருந்த ஒருவர் மட்டும் தெரிகிறார். கட்டளை இடும்வரை எல்லோருக்கும் காது கொடுத்த அந்த மனிதர், கட்டளை இட்ட பிறகு காதை மூடிக்கொண்டார். மூடிய காதைத் திறக்க ஒரு பெண் ஆற்றில் இறங்க வேண்டியிருந்தது. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் முயன்றேன். எந்தத் தட்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை.

மூன்றாம் வாரம் அவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். உள்ளங்கையில் இன்னும் கட்டு. "ஞாயித்துக்கெழமை கீழ் பஸ்தில எல்லாரும் இருப்பாங்களா அம்மிணி? ஒரு அரைமணி நேரம் வேணுமுங்க."

"நானும் பேச வேண்டியது இருக்கு சார். அந்த அஞ்சை நாலாகவே விட்டது நான்."

"அத நீங்க உங்க முறை வர்றப்பச் சொல்லுங்க. என்ற தப்புக்குப் பின்னால நீங்க ஒளிஞ்சுக்க வேண்டாம், உங்க தப்புக்குப் பின்னால நானும் ஒளிஞ்சுக்கல."

ஞாயிறு காலை வெயில் அடித்தது. சந்து முழுவதும் பிளீச்சிங் பொடியின் நெடி. மதில்மேல் மெத்தைகளும் பாடப்புத்தகங்களும் காய்ந்துகொண்டிருந்தன. மக்கள் அவரவர் வாசலில் நின்றார்கள். செங்கமலம் ஈரம் காயாத தன் வாசற்படியில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கண்ணன் கதவில் சாய்ந்து நின்றார். யாரோ பிரிகேடியருக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவர் அமரவில்லை.

"நான் பண்ணுன தப்பு மூணுங்க," என்று தொடங்கினார். "மொதல்ல, உங்கள எண்ணா எண்ணுனேன். பேரு வேணும்னு இந்த அம்மிணி சொன்னாங்க, நான் கேக்கல. ரெண்டாவது, சந்தேகம் இருக்குதான்னு கேட்டுட்டுக் கடிகாரத்தப் பாத்தேன். மூணாவது…"

"அட விடுங்க சாப்," என்று கண்ணன் குறுக்கிட்டார். பெரிய மனிதர் ஒருவர் தன் வாசலில் நின்று இப்படிப் பேசுவது அவரைக் கூசவைத்தது. "நானும் யார்கிட்டயும் சொல்லாம ஏறிப் படுத்துக்கினேன். என் மேலயும் தப்புதான். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுல்ல. உக்காருங்க, சாயா சொல்றேன்."

வாசல்களில் ஓர் இளக்கம் பரவியது. சிலர் சிரித்தார்கள். பிரிகேடியர் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்திருக்கலாம். அந்தக் காலை அத்துடன் இனிதே முடிந்திருக்கும்.

செங்கமலம் கீரைக்கட்டை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

"நீ சும்மா இரு," என்றாள் கணவரிடம். "மூணாவது உனக்குச் சொல்றது இல்ல. ஆளு அனுப்ப முடியாதுன்னு அவுரு சொன்னது என்னாண்ட. நான்தான் கேக்கணும். முழுசா சொல்லட்டும்."

சிரிப்பு அடங்கியது. கண்ணன் கதவை விட்டு நிமிர்ந்து நின்றார்.

பிரிகேடியர் நாச்சிமுத்து தலையை அசைத்தார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, அவள் அமர்ந்திருந்த வாசற்படிக்கு நேராக வந்து, குதிகால்களைச் சேர்த்து நின்றார். வெயில் அவர் முகத்தில் நேராக அடித்தது.

"மூணாவதுங்க, செங்கமலம்," என்றார்.